உப்புத்தாளில் தேய்த்து அழித்த கோடு

பிளாஸ்டிக் மாடல் செய்ய வருகிற எவருக்கும் முதல் பாடம் அச்சுக்கோட்டை அழிப்பதுதான். அச்சின் இரண்டு பாதிகளும் சேருமிடத்தில் ஒவ்வொரு பாகத்திலும் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு எழும்பி நிற்கும். அதைக் கத்தி முனையால் சுரண்ட வேண்டும். பிறகு 400, 800, 1200 என்று எண் ஏற ஏற நைசாகும் உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். விரல் நுனிக்குக் கூடத் தட்டுப்படக் கூடாது. கோடு தெரிந்தால் மாடல் பொம்மையாகிவிடும் என்பார்கள். இந்தப் பாடத்தை நான் கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டேன். இரண்டாம் உலகப் போரின் சோவியத் டாங்கியான டி-34-ன் டரட், அதாவது பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேல்பகுதி, கையில் வந்ததும், அதன் பக்கங்களைச் சுற்றி ஓடிய கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் உப்புத்தாளை எடுத்துவிட்டேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து தேய்த்தேன். முடித்தபோது டரட் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். அப்படி ஒரு திருப்தி.

மூன்று நாள் கழித்து, சக்கரங்களைச் சரிபார்க்க ஒரு பழைய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயலோரத்தில் அடிபட்டு நிற்கிற ஒரு டி-34. அதன் டரட்டின் கன்னத்தில் வெயில் சாய்வாக விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் நடுவாக்கில் ஒரு கோடு தெரிந்தது. கொஞ்ச தூரம் தடிப்பாக ஓடியது, ஓரிடத்தில் யாரோ அவசரமாக அரைத்து விட்டதுபோல் தட்டையானது, அப்புறம் மறுபடி தடித்தது. நிஜ டாங்கியில் அச்சுக்கோடு! உருக்கையும் அச்சில்தான் ஊற்றுகிறார்கள், அந்த அச்சுக்கும் இரண்டு பாதிகள் உண்டு என்பது என் மண்டையில் உறைக்க அவ்வளவு நேரமாயிற்று. இந்த மாடல் பாகங்களின் பெட்டியை (கிட்) செய்தவர்கள் படங்களைப் பார்த்து, மெனக்கெட்டு, வேண்டுமென்றே அந்தக் கோட்டை வைத்திருக்கிறார்கள். நான் அதை மெனக்கெட்டு அழித்திருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். என் விஷயத்தில், வந்த பிள்ளையாரையே குரங்கு என்று நினைத்துச் செதுக்கித் தள்ளிவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. துல்லியமான மாடல் என்று இத்தனை காலமாக நான் சொல்லி வந்தது எதை? அளவு சரியாக இருப்பதையா, வேலை சுத்தமாக இருப்பதையா? இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துத்தான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

எந்த டி-34?

டாங்கி மாடல் செய்கிறவர்களிடம் "டி-34 செய்கிறேன்" என்றால் உடனே திருப்பிக் கேட்பார்கள்: எந்த ஆலை, எந்த மாதம்? கேலிக்குச் சொல்வதில்லை. மிகயீல் கோஷ்கின் வடிவமைத்த இந்த டாங்கி 1940-ல் கார்க்கிவ் நகரத்து 183-ம் எண் ஆலையில் தொடங்கியது. அவர் அந்த வருடம் செப்டம்பரிலேயே நிமோனியாவில் இறந்துபோனார். தன் டாங்கி சண்டை போட்டதை அவர் பார்க்கவில்லை. 1941-ல் ஜெர்மானியர்கள் நெருங்கியதும் ஆலையையே பெயர்த்து ரயிலேற்றி, உரால் மலைப் பக்கம் நீஷ்னி தாகில் நகரத்தில் ரயில் பெட்டி செய்துகொண்டிருந்த ஆலைக்குள் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்த வருடக் கடைசிக்குள் அங்கே டாங்கிகள் வெளிவரத் தொடங்கிவிட்டன. ஸ்டாலின்கிராட் டிராக்டர் ஆலை, கோர்க்கியில் ஒரு கப்பல் கட்டும் ஆலை, செல்யாபின்ஸ்க், ஸ்வெர்ட்லோவ்ஸ்க் என்று வேறு பல இடங்களிலும் இதே டாங்கியைச் செய்தார்கள். வரைபடம் ஒன்றுதான். ஆனால் எந்த ஆலையில் எது கிடைத்ததோ அதை வைத்துச் செய்தார்கள். ரப்பர் தட்டுப்பாடு வந்தபோது சக்கரத்தின் விளிம்பில் இருந்த ரப்பரை எடுத்துவிட்டு முழு உருக்குச் சக்கரம் போட்டார்கள். அது ஓடும்போது வண்டியே அதிர்ந்து போனதால், முதல் சக்கரத்துக்கும் கடைசிச் சக்கரத்துக்கும் மட்டும் ரப்பர், நடு மூன்றும் உருக்கு என்று ஒரு சமரசம். என் படத்தில் இருந்த டாங்கியில் அந்தச் சமரசம் அப்படியே தெரிந்தது.

டரட்டும் அப்படித்தான். 1942-ல் வந்த ஆறு மூலை டரட்டுக்கு ருஷ்யர்கள் வைத்த செல்லப்பெயர் "காய்க்கா". நம் பட்டறை மொழியில் நட்டு. மேலே இரண்டு வட்ட மூடிகள். இரண்டும் திறந்து நின்றால் முன்னாலிருந்து பார்ப்பவருக்கு மிக்கி மவுஸ் காது மாதிரி தெரியும்; ஜெர்மன் வீரர்கள் அப்படியேதான் அதைக் கூப்பிட்டார்கள். பெரும்பாலான ஆலைகள் இந்த நட்டை மணல் அச்சில் உருக்கு ஊற்றி வார்த்தன. ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் இருந்த உரால்மாஷ் ஆலையிடம் மட்டும் 10,000 டன் அழுத்து எந்திரம் ஒன்று இருந்தது. அவர்கள் 45 மில்லிமீட்டர் தகட்டை அதில் கொடுத்து, தட்டு அழுத்துவது மாதிரி டரட்டை அழுத்தி எடுத்தார்கள். அதற்கு ஓரங்கள் உருண்டிருக்கும், மேல்பரப்பு மழமழவென்று இருக்கும். என் வழுவழுப்பு டரட் அந்த ஆலையில் பிறந்தது என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மூலைகள் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

நேரில் போய் மியூசியத்தில் நிற்கிற டாங்கியை அளந்துவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. டி-34 விஷயத்தில் அது பள்ளத்தில் தள்ளும் யோசனை. போர் முடிந்த பிறகும் பல வருடங்களுக்கு இந்த டாங்கிகளைப் பிரித்து, பழுதுபார்த்து, புது விளக்கு, புதுச் சக்கரம் என்று மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு போலந்திலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் 1950-களில் டி-34-85 என்ற பிந்தைய வகையைப் புதிதாகவே செய்தார்கள். இன்று மேடையில் நிற்கிற பல டாங்கிகளில் நட்சத்திர மீன் போல ஐந்து கைகளோடு இருக்கும் சக்கரங்கள் போருக்குப் பிறகு வந்தவை. கண்ணெதிரே முப்பது டன் உருக்கு நிற்கும், தொட்டுப் பார்க்கலாம், டேப் வைத்து அளக்கலாம். ஆனாலும் அது 1942-ன் டாங்கி இல்லை. அந்த விஷயத்தில் மங்கலான கறுப்பு வெள்ளைப் படமே நம்பகமான சாட்சி. அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. அடிபட்டு நிற்கும் டி-34-களின் படங்களில் பெரும்பகுதி ஜெர்மன் வீரர்கள் ஊருக்கு அனுப்ப எடுத்தவை. வெல்டிங் கோடு நன்றாகத் தெரிகிறதே என்று நான் குதூகலித்துப் பெரிதாக்குகிற படத்தில் டிரைவரின் மூடி திறந்து கிடக்கும். அவன் வெளியே வந்தானா இல்லையா என்பதைப் படம் சொல்லாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி சக்கரத்துக்குத்தான் திரும்புவேன். இந்தப் பொழுதுபோக்கில் அப்படி ஒரு கல்மனசு வந்துவிடுகிறது.

அளவு விஷயத்திலும் நம் துல்லியம் கொஞ்சம் வேடிக்கையானதுதான். டாங்கி மாடல்களுக்கு உலகம் முழுக்க வழக்கமாகிவிட்ட அளவு 35-ல் ஒரு பங்கு. இந்த எண்ணில் எந்த சாஸ்திரமும் கிடையாது. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் மோட்டார் வைத்து ஓடுகிற பாந்தர் டாங்கி ஒன்றைச் செய்தது. பேட்டரியும் மோட்டாரும் உள்ளே அடங்க வேண்டும் என்று உடலின் அளவை வைத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது 35-ல் ஒரு பங்குக்குக் கிட்ட வந்தது. அவ்வளவுதான். பேட்டரிக்காக வந்த அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் 45 மில்லிமீட்டர் கவசத் தகடு 1.3 மில்லிமீட்டர் கனம் இருக்கிறதா, அரை மீட்டர் அகல டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் சங்கிலிப் பட்டை) 14 மில்லிமீட்டருக்கு வந்திருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறோம்.

பூதக்கண்ணாடி

சரி, அழித்த கோட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கரடுமுரடான டாங்கி, ஆகவே எல்லாவற்றையும் கரடுமுரடாக்கிவிட வேண்டியதுதான் என்று முடிவுசெய்தேன். புட்டியைக் கரைத்துக் கூழாக்கி, பழைய டூத் பிரஷ்ஷால் டரட் முழுக்கக் குத்திக் குத்தி அம்மைத் தழும்பு மாதிரி ஆக்கினேன். உடலில் தகடுகள் சேருகிற இடத்திலெல்லாம் வெல்டிங் தடிப்பு வைத்தேன். அதற்கு ஒரு முறை உண்டு. பாகங்களைப் பிடித்திருக்கும் ஸ்ப்ரூ சட்டத்தை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி, தளர்ந்ததும் இரண்டு பக்கமும் இழுத்தால் நூல் மாதிரி நீளும். அந்த நூலை இணைப்பில் வைத்து, நீர்த்த பசையைத் தூரிகையால் தொட்டுவிட்டால் அரை நிமிடத்தில் இளகிவிடும். அப்போது கத்தி முனையால் பிறை பிறையாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். அழுத்தம் கூடினால் நூல் அறுந்துவிடும். தாமதித்தால் இறுகிவிடும். ஒரு கையகல நீளத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். நான் வேண்டுமென்றே கோணல்மாணலாகச் செய்தேன். உடல் முழுக்க, எல்லா இணைப்பிலும்.

அந்த வாரம் பெரியப்பா வந்திருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் பாய்லர் வேலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மேஜையில் இருப்பதெல்லாம் அவருக்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு. எப்போதும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். அன்று மட்டும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உடலின் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"டேய், எவன்டா இதைப் பத்தவெச்சது?"

"நான்தான் பெரியப்பா."

"அது தெரியுதுடா. நிஜத்துல எவன்னு கேட்டேன்."

எனக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார். முதலில் டரட்டின் மேல்தகடு சேரும் கோட்டில் விரலை வைத்தார். "இது கை வேலை. இங்க பாரு, இந்த இடத்துல நிறுத்திட்டு ராடு மாத்தியிருக்கான். மறுபடி ஆரம்பிச்ச இடத்துல குமிழ் மாதிரி நிக்குது. மூலையில வளைச்சு எடுக்கத் தெரியல, புதுசா வேலைக்கு வந்தவனா இருக்கணும்." பிறகு விரல் கீழே இறங்கி, உடலின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் இணைப்புக்கு வந்தது. அங்கே நின்றது. "இது கை இல்ல தம்பி."

"அப்புறம்?"

"மெஷின். எங்கயாச்சும் நின்னுருக்கா பாரு. ஒரே அகலம், ஒரே வேகம், கடைசி வரைக்கும். எந்த வெல்டராலயும் இவ்வளவு தூரம் மூச்சுப் பிடிக்க முடியாது. சப்மெர்ஜ்ட் ஆர்க்கா இருக்கும். நீ என்னடான்னா இங்கயும் குடிகாரன் மாதிரி இழுத்து வெச்சிருக்க."

1942-ல் சப்மெர்ஜ்ட் ஆர்க்கா, இருக்காது பெரியப்பா என்று சொல்லிவிட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி தேடிப் பார்த்தால், அவர் சொன்னது அப்படியே சரி. எவ்கெனி பாத்தோன் என்று ஒரு பொறியாளர். பாலம் கட்டுவதில் பெயர் எடுத்தவர். அறுபது வயதை ஒட்டி வெல்டிங் பக்கம் திரும்பி, 1934-ல் கீவ் நகரத்தில் அதற்கென்றே ஒரு ஆய்வு நிறுவனம் தொடங்கியவர். 1941-ல் அந்த நிறுவனமும் உராலுக்கு இடம்பெயர்ந்தது. போய்ச் சேர்ந்த இடம் நீஷ்னி தாகில், அதே டாங்கி ஆலை. அப்போது அவருக்கு எழுபத்தொரு வயது. அங்கே அவருடைய ஆட்கள் டாங்கி உடலின் நீண்ட நேர் இணைப்புகளுக்குத் தானியங்கி வெல்டிங்கைக் கொண்டுவந்தார்கள். ஃபிளக்ஸ் தூளைக் குவித்து அதற்கு அடியில் ஆர்க் எரியும். வெளியே வெளிச்சம் கூடத் தெரியாது. எந்திரம் தண்டவாளத்தில் போவது மாதிரி நகர்ந்துகொண்டே போகும். தேர்ந்த வெல்டர்களுக்குப் பஞ்சமான அந்த நாட்களில் இந்த எந்திரங்களை ஓட்டியவர்களில் பெண்களும் பதின்ம வயதுப் பிள்ளைகளும் உண்டு. எந்திரம் போக முடியாத மூலைமுடுக்குகளில் மட்டும் கை வெல்டிங்.

முதல் தடவை டாங்கி என்றால் சுத்தமாக இருக்கும் என்று நம்பி ஏமாந்தேன். அதைத் திருத்துகிறேன் பேர்வழி என்று, ருஷ்ய டாங்கி என்றால் எங்கும் கரடுமுரடுதான் என்று நம்பி இரண்டாவது தடவையும் ஏமாந்திருக்கிறேன். இரண்டு தடவையும் படம் என் முன்னால்தான் இருந்தது. டாங்கியின் ஆணிகளைக் கூட எண்ணிப் பார்க்கிற ஆசாமி என்று நண்பர்கள் என்னைக் கிண்டல் செய்வதுண்டு (டி-34 முழுக்க வெல்டிங், எண்ண ஆணியே கிடையாது என்பது வேறு விஷயம்). எண்ணத் தெரிந்திருந்தது. ஒரு தடிப்பைப் பார்த்து, இதை யார் செய்தது, எந்த நிலையில் நின்று செய்தது என்று கேட்க மட்டும் தோன்றவே இல்லை. பெரியப்பாவுக்கு டாங்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. டி-34 என்றால் பஸ் நம்பரா என்று கேட்பவர்.

மறுபடியும் முதலிலிருந்து

பக்கவாட்டில் இருந்த கோணல் தடிப்புகளை எல்லாம் சுரண்டி எடுத்தேன். இந்த முறை உப்புத்தாளைக் கையில் எடுக்கும்போது யோசித்துத்தான் எடுத்தேன். நீண்ட இணைப்புகளுக்கு ஸ்ப்ரூவை ஒரே சீராக இழுத்து, ஸ்கேல் வைத்து ஒட்டி, மிகச் சன்னமாக மட்டும் அழுத்தினேன். அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. மெஷின் செய்ததைக் கையால் செய்வதற்கு மெஷினாகத்தான் மாற வேண்டியிருக்கிறது. டரட்டின் கூரைக்கோட்டை மட்டும் கை வேலையாக விட்டேன். நான்கு இடத்தில் நிறுத்தி, ராடு மாற்றி, மூலையில் தடுமாறி. அழித்த அச்சுக்கோட்டுக்கு ஒரு மெல்லிய நூலை ஒட்டி, படத்தில் இருப்பது போலவே நடுவில் கொஞ்சம் தட்டையாகத் தேய்த்துவிட்டேன். டரட்டின் அம்மைத் தழும்பையும் பாதிக்கு மேல் குறைத்தேன். உண்மையைச் சொன்னால், நிஜ வார்ப்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேடுபள்ளம் இருந்தாலும் இந்த அளவில் அது பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட வராது. கணக்குப்படி செய்தால் ஒன்றுமே தெரியாது. ஆகவே தெரிகிற அளவுக்குக் கூட்டித்தான் வைத்தாக வேண்டும்.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: டிராக் கண்ணிகளைக் கோத்திருக்கும் ஊசிகளுக்கு டி-34-ல் உட்பக்கம் மட்டும்தான் தலை, நட்டு, பூட்டு எதுவும் கிடையாது. ஓட ஓட ஊசி உள்பக்கமாக நழுவி வரும். உடலின் பின்பக்கத்தில் பற்றவைத்த ஒரு சாய்ந்த இரும்புத் துண்டில் அது ஒவ்வொரு சுற்றிலும் மோதி, தானாகவே மறுபடி தன் இடத்துக்குப் போய்விடும். இத்தனை சாமர்த்தியத்தை இவ்வளவு சின்னத் துண்டில் ஒளித்து வைத்தவரைக் கும்பிடத் தோன்றியது. மாடலில் அது அரிசி மணி அளவு. ஒருபக்கம் அதைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். சக்கரத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டதால் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெயிண்ட்டுக்கு 4பிஓ என்று அவர்கள் பெயரிட்ட பச்சை, அதற்கு மேல் கொஞ்சம் தூசி, கீழே சேறு. துரு மட்டும் அதிகம் பூசவில்லை. பலர் டாங்கியை முப்பது வருடம் மழையில் கிடந்தது மாதிரி துருப்பிடிக்க வைக்கிறார்கள். போர்முனைக்குப் போன டி-34-க்கு அவ்வளவு ஆயுசு எங்கே இருந்தது? புகைக்குழாயிலும் டிராக்கிலும் மட்டும் கொஞ்சம் துரு. டிராக் தரையைத் தொடும் இடங்களில் பென்சில் கரியை விரலால் தேய்த்துவிட்டால் தேய்ந்த இரும்பின் மினுமினுப்பு வந்துவிடும்.

முடித்து இரண்டு மாதம் கழித்து பெரியப்பா மறுபடி வந்தார். கேட்காமலேயே பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார். பக்கவாட்டைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் அது பாராட்டு. பிறகு டரட்டின் மேல்கோட்டில் மெதுவாகப் போனவர், பின்மூலையில் நின்றுவிட்டார். அங்கே ஊசிமுனை அளவில் இரண்டு மூன்று துளைகள் இருந்தன. பசை அதிகமாகி, காற்றுக்குமிழ் வெடித்து விழுந்தவை. பெயிண்ட் அடித்த பிறகுதான் நான் கவனித்தேன். சரிசெய்யப் போனால் பக்கத்தில் இருப்பதும் கெட்டுவிடும் என்று விட்டிருந்தேன்.

"இங்க பாத்தியா, துளை துளையா. ராடு ஈரமா இருந்திருக்கு," என்றார். "அடுப்புல வெச்சுக் காயவெச்சுட்டுத்தான் பத்தவெக்கணும். பாவம், அந்தப் பயலுக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம் இருந்திருக்கும்."

"ஆமா பெரியப்பா," என்றேன்.